முன்பாரம்

டிரெய்லரின் கழுத்து வந்து உட்காரும் இரும்புக் குண்டில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன், நவம்பர் மாதத்துச் சாயங்காலம், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் தெருவை விட்டுப் போய்விடும், கராஜின் டியூப்லைட்டுக்குக் கீழே விரலில் ஒட்டியிருந்ததை முகர்ந்து பார்த்தேன், டப்பாவின் பிளாஸ்டிக் மூடியும் அதுவும் ஒரே வாசனையாக இருந்தன. ஆனாலும் இரும்பின் மேல் எண்ணெய் படிகிறபோது எங்கிருந்தோ ஒரு பழைய நெடி எழுந்து வருவதைத் தடுக்க முடியவில்லை, அது விளக்கெண்ணெயும் எரித்த வைக்கோல் கரியும் கலந்த வண்டி மையின் நெடி.

பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில் எங்கள் ஊர், தாத்தாவின் வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும், அதற்குள் அந்த மை இருக்கும், ஒரு குச்சியில் துணி சுற்றிச் செருகியிருப்பார். கரும்பு ஏற்றுவதற்கு முந்தின நாள் கடையாணியைத் தட்டிக் கழற்றி, சக்கரத்தை ஒரு சாண் வெளியே இழுத்து, அச்சில் அந்த மையை அவசரமில்லாமல் பூசுவார், பூசி முடித்த கையை வேட்டியில் துடைக்காமல் வைக்கோலில் துடைப்பார், அதன் பிறகும் இரண்டு நாளைக்கு அவர் சோறு பிசைகிற கையில் அந்த நெடி இருக்கும், பாட்டி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. 1842-லிருந்து சர்க்கரை ஆலை இருக்கிற ஊர் நெல்லிக்குப்பம், ஆலை ஓடுகிற மாதங்களில் காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் எங்கள் திண்ணை வரைக்கும் காய்ச்சுகிற கரும்புச்சாறும் மொலாசஸும் சேர்ந்த வாடை வரும், இனிப்பா நாற்றமா என்று சொல்லிவிட முடியாத அந்த வாடைக்கே எனக்குப் பசிக்கும்.

கரும்பு ஏற்றி முடித்ததும் மாடுகளை உடனே பூட்ட மாட்டார். ஏர்க்காலின் முனையில், நுகத்தடிக்கு அடியில் தன் தோளைக் கொடுத்து வண்டியை ஒரு முறை தூக்கிப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு, உள்ளுக்குள் ஏதோ கணக்குக் கேட்பதுபோல. லேசாக எழும்பினால் பாரம் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம், ஏற்றத்தில் நுகத்தடி மேலே எழும்பி பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை அறுக்கும், எழும்பவே மறுத்தால் முழுக் கனமும் கழுத்தில் இறங்கிப் புண் வைத்துவிடும். "முன்பாரம் போதலடா, மேல்கட்டு ரெண்ட முன்னால தள்ளு" என்பார் சித்தப்பாவிடம், சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏறுவார், தள்ளிய பிறகு இன்னொரு முறை தோள் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் "ம்ம்" என்பார். வழியில் மேடு வந்தால் ஏர்க்காலின் மேலேயே முன்னகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் சாய்ந்துகொள்வார், தன் உடம்பையும் பாரத்தில் ஒரு பகுதியாக எண்ணிக்கொண்ட மனிதர்.

இங்கே கையேட்டில் அதையே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் குண்டின் மேல் இறங்க வேண்டும், சரக்கில் 60 சதவீதம் அச்சுக்கு முன்பாதியில் இருக்க வேண்டும், குறைந்தால் வேகத்தில் டிரெய்லரின் பின்பக்கம் ஆடத் தொடங்கி காரையும் சேர்த்து ஆட்டும், கூடினால் காரின் பின்புறம் அமுங்கி முன்சக்கரங்கள் சாலையில் பிடிப்பை இழக்கும். எங்கள் பழைய டொயோட்டா சியன்னா காரால் 3500 பவுண்டு வரைக்கும் இழுக்க முடியும், இப்போது வருகிற ஹைப்ரிட் சியன்னாவுக்கு 1500 தான். எண்கள் எல்லாம் சரிதான், நான் அவற்றை மதிக்கிறேன், ஆனால் எண்ணைப் படித்துத் தெரிந்துகொண்டவனின் தோளுக்கு அது தெரிந்திருப்பதில்லை, அந்தக் குறை ஒன்று எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது.

டிரெய்லரை இழுக்கும் ஹிட்ச்சைக் காருக்கு அடியில் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. நாற்பது பவுண்டுக்கு மேல் கனக்கும் குறுக்குச் சட்டம், நடுவில் இரண்டு அங்குலச் சதுரக் குழாய், காரின் அடிச்சட்டத்தில் ஏற்கெனவே ஓட்டைகள் இருக்கும், சைலன்சரைத் தாங்கும் ரப்பரைக் கழற்றிக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டு, வளையவளையமாகச் சுற்றிய கம்பியின் நுனியில் போல்ட்டைத் திருகிச் சட்டத்துக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, டார்க் ரெஞ்சு 'டக்' என்கிற வரைக்கும் முடுக்கினால் தீர்ந்தது. ஜாக் வைத்துத் தாங்கிக்கொண்டு தனியாகவே முடித்துவிடலாம், அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, ஊரில் ஒரு வண்டியின் அச்சைக் கழற்றினால் தெருவில் பாதிப் பேர் வந்து நிற்பார்கள், ஒருவர் பிடிப்பார், நாலு பேர் யோசனை சொல்வார்கள், இங்கே அந்த மதியம் முழுக்க எங்கள் வீட்டைத் தாண்டிப் போனவர்கள் ஒரு கையை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார்கள்.

வயரிங்கில்தான் மனசு ஓடியது. பெட்டிக்குள் வந்திருந்தது தயாராகச் செய்த வயர்க்கட்டு, காரின் பின்விளக்குப் பிளக்கைக் கழற்றி நடுவில் இதைச் செருகினால் போதும், கூடவே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, காரில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் தனித்தனி பல்பு, டிரெய்லரில் இரண்டுக்கும் ஒரே பல்பு, அந்த இரண்டு செய்தியையும் ஒரே வயரில் சேர்த்துக் கொடுப்பது அதன் வேலை. வெளியே வருவது நாலு வயர், வெள்ளை எர்த்து, பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. இந்த நாட்டில் சின்ன டிரெய்லர் எதுவானாலும் இந்த நாலு நிறம்தான்.

வெள்ளை வயரைக் கையில் எடுத்ததும் கடலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வந்து நின்றது. சித்தப்பா மாட்டை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கிய காலம், டிரெய்லருக்கு விளக்கு வைக்கிறவர்கள் அப்போது குறைவு, அவர் வைக்க வேண்டும் என்று நின்றார். பேட்டரி ஆசிட்டின் புளிப்பு நெடி, சுருண்டு கிடக்கும் செம்புக் கம்பி, கூரை ஓட்டையில் இறங்கிய வெயில் தூணில் ஈயப்புகை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும், மேஸ்திரி பழைய ஹோல்டர் ஒன்றில் பல்பைப் போட்டு இரண்டு வயரை நீட்டி வைத்திருப்பார், அதுதான் அவருடைய மீட்டர். "தம்பி, மொதல்ல எர்த்தப் பாரு, எர்த்து சரியில்லன்னா இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டு மினுக்கும்" என்று சொல்லிக்கொண்டே பெயிண்டை அரத்தால் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகுதான் திருகாணியை வைப்பார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை நான் நியூ ஜெர்சியின் எடிசனில் குடியிருந்தபோது எதிர்வீட்டுக் கிழவரிடம் மறுபடி கேட்டேன், பார்னகாட் விரிகுடாவுக்குப் படகு இழுத்துப் போகிற இத்தாலிய வம்சாவளி மனிதர், உப்புத்தண்ணீர் எர்த்தைத்தான் முதலில் தின்னும் என்பார், படகை இறக்க டிரெய்லரைத் தண்ணீருக்குள் விடுமுன் விளக்குப் பிளக்கைப் பிடுங்கிவிடுவார், சூடான பல்பு குளிர்ந்த தண்ணீரில் வெடித்துவிடும் என்று, இரண்டு காப்புச் சங்கிலிகளையும் நேராக மாட்டாமல் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் பின்னி மாட்டுவார், குண்டிலிருந்து கழுத்து கழன்றால் அது ரோட்டில் குத்தாமல் சங்கிலியில் விழுந்து தங்கும். அவருடைய கராஜில் மீன் வாடையும் சுருட்டு வாடையும் இருக்கும், சனிக்கிழமை காலையில் எல்லாத் திருகாணிகளையும் காரணமில்லாமல் ஒரு முறை தொட்டுப் பார்ப்பார்.

எங்கள் ஊரில் இரவு கரும்பு வண்டிகள் வரிசையாகப் போகும்போது ஒவ்வொன்றின் அச்சுக்கு அடியிலும் ஒரு அரிக்கேன் ஆடிக்கொண்டிருக்கும். விளக்கு இல்லாத வண்டியைப் போலீஸ் பிடித்துப் பணம் கட்டச் சொல்லும், ஆனால் தாத்தா அதற்குப் பயந்து விளக்குக் கட்டியவர் இல்லை, சாயங்காலமே திண்ணையில் உட்கார்ந்து சாம்பல் போட்டுச் சிம்னியைத் துடைப்பார், திரியை நறுக்குவார், எண்ணெயை ஆட்டிப் பார்ப்பார். அந்த வெளிச்சம் அவருக்கு ஒரு உதவியும் செய்யாது, பாதை மாடுகளுக்குத் தெரியும், அவர் பாதித் தூக்கத்தில் இருப்பார், பின்னால் வருகிற, முகம் தெரியாத ஒரு லாரிக்காரனுக்காகத்தான் அத்தனை துடைப்பும்.

அதை நினைத்தபோதுதான் பெட்டியில் வந்த வயர்க்கட்டை அப்படியே செருகிவிட மனம் வரவில்லை. வெள்ளை வயரின் முனையை வெட்டி, காரிலும் டிரெய்லரிலும் பெயிண்டைச் சுரண்டி, ஈயம் வைத்துப் புதிதாக எர்த்து கொடுத்தேன், பழுப்பு வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து டிரெய்லரின் பின்னால், நடுவில், அச்சின் உயரத்துக்குத் தாழ்வாக ஒரு சிவப்பு விளக்கையும் பொருத்தினேன். 80 அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள டிரெய்லருக்கு நடுவிளக்கு வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. மகள் என் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள், "யாருப்பா இதப் பாப்பாங்க?" என்றாள், "பின்னால வர்றவங்க" என்றேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் தமிழ்ப் பள்ளி விழாவுக்குக் கரும்பு வாங்க பிரெஸ்னோ போனோம், லாவோஸிலிருந்து 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்த ஹ்மாங் குடும்பங்கள் அந்தப் பக்கம் சின்னச் சின்னக் கொல்லைகளில் கரும்பும் போடுகிறார்கள். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு 55 மைல்தான் உச்ச வேகம், வலது ஓரத்திலேயே போக வேண்டும், கில்ராயில் பூண்டு வாசனை காருக்குள் வந்து போனது, பச்சேகோ கணவாய் இறங்கி சான் லூயிஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காற்றில் காலி டிரெய்லர் ஒரு முறை உதறியது. கணவாய்க்கு அப்பால் உள்ள சமவெளியில் குளிர்காலத்துக்கு டூலி என்று ஒரு மூடுபனி உண்டு, எங்கள் மார்கழிப் பனியைவிட அடர்த்தி, 2007 நவம்பரில் பிரெஸ்னோவுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை 99-இல் அந்தப் பனிக்குள் 100-க்கு மேற்பட்ட வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதி நின்றன.

கொல்லையில் ஒரு கிழவி கரும்பை எடுத்துக் கொடுத்தாள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் பூப்போட்ட துணி, வெட்டுவாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு கழியையும் கட்டில் சேர்த்தாள். பேரன் கட்டுகளைப் பின்பக்கமாகவே அடுக்கிக்கொண்டு வந்தான், அவள் அவர்கள் மொழியில் ஏதோ அதட்டி, தானே ஏறி இரண்டு கட்டை முன்னால் இழுத்துப் போட்டாள். எடை பார்க்க வீட்டுத் தராசை எடுத்துவந்திருந்தேன், அதைக் காரிலேயே விட்டுவிட்டு, பூட்டைத் திறந்து டிரெய்லரின் கழுத்தைத் தோளால் தூக்கிப் பார்த்தேன், கனம் எலும்பில் இறங்கியது, எழும்பியது, ஆனால் லேசாக இல்லை. திரும்பப் பூட்டிச் சங்கிலியைக் குறுக்காக மாட்டியதும் மகள் பின்னால் போய் நின்றாள், "இடது எரியுது, வலது எரியுது, பிரேக் எரியுது, நடுவும் எரியுதுப்பா" என்று குரல் கொடுத்தாள், கிழவி அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மணி மூன்றரை, பனி இறங்குவதற்குள் லாஸ் பானோஸைத் தாண்டிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டே 99-இல் ஏறினோம்.