யானையைக் கட்டித் தீனி போடுதல்

பெருஞ்செலவை மேற்கொண்டு திணறுகின்றவனைக் கண்டால், "யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?" என்று நம் நாட்டு முதியோர் வினவுவது வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுவணதாகிய கான்சாஸ் மாநிலத்திற் குடியேறிய பின்னர், அவ்வினாவின் பொருளை நாம் ஏட்டிலன்றி இரும்பிலே கற்றுக்கொண்டோம். நாம் கட்டித் தீனி போடும் யானை, அந்நாட்டார் 'பிக்கப்' என்று வழங்கும் பெரிய மோட்டார் வண்டியாகும். முன்னே ஐவர் அமரும் அறையும், பின்னே திறந்த சரக்குத் தட்டும், எட்டு உருளைகள் கொண்ட இஞ்சினும் உடைய அது ஏறக்குறைய 5,000 இராத்தல் எடையுள்ளது. அத்தகைய வண்டியைக் குறைந்த பெட்ரோலில் ஓட்டுதல் கூடுமா என்பதே இக்கட்டுரையின் பொருள். கல்லூரிச் சஞ்சிகைக்கு இது தகுமோ என்று ஐயுறும் நண்பர்கள், பௌதிக வகுப்பிலும் கணித வகுப்பிலும் கற்றவை ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கில் வந்து கைகொடுக்கும் விதத்தை இதன்கண் காண்பார்களாக.

சிறிய வண்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாகாதோ என்று கேட்பது இயல்பே. நமது இல்லம் ஹேஸ் என்னும் நகருக்கு மேற்கே, கோதுமை வயல்களுக்கு இடையிலுள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது. நம் துணைவியார் அவ்வூர் மருத்துவசாலையில் தாதியாகப் பணிபுரிகின்றார். நமது அலுவலோ 45 மைல் கிழக்கே உளது. வீட்டை அடுத்த நிலத்தில் ஆறு பசுக்கள் உள. ஒவ்வொன்றும் ஆயிரம் இராத்தலுக்கு மேற்பட்ட புல்லுருளைகளைக் கொணர்தற்கும், கன்றுகளை இழுவண்டியிலேற்றிச் சந்தைக்குக் கொண்டு செல்லுதற்கும், பனி மூடிய மண் சாலையைக் கடத்தற்கும் பெரிய வண்டியே வேண்டும். வீட்டிலுள்ள சிறிய கார், இரவுப் பணிக்குச் செல்லும் துணைவியாருக்கு உரியது. மூன்றாவது வண்டி ஒன்று வாங்குவோமாயின், அதன் விலையும் இன்ஷூரன்ஸ் கட்டணமும் பெட்ரோலில் மிஞ்சுவதை விழுங்கிவிடும்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அந்நாட்டிற் பெட்ரோலின் சராசரி விலை காலன் ஒன்றுக்கு 5 டாலரை எட்டியது. அப்பொழுது நம் வீட்டில் ஒரு பெருங் கேள்வி எழுந்தது. நாம் ஆண்டுதோறும் 240 நாட்கள், நாளொன்றுக்கு 90 மைல், ஆக 21,600 மைல் செல்கின்றோம். காலனுக்கு 16 மைல் ஓடிய நமது வண்டிக்கு 1,350 காலன் வேண்டும்; அவ்விலையில் அது 6,750 டாலர். மூத்த மகளோ மறு ஆண்டு கல்லூரி புகவிருந்தாள். நிலத்தையும் பசுக்களையும் விற்று நகரிற் குடியேறுவதே வழி எனத் தோன்றிற்று. அங்ஙனம் செய்யின், துணைவியார் பதினோராண்டு உழைத்த மருத்துவசாலையைத் துறக்க வேண்டும். இரவிற் பணிபுரியத் தாதியர் கிடைத்தல் அரிதான ஊர் அது. அவர் சற்று நேரம் கணக்கைப் பார்த்துவிட்டு, "வண்டியை மாற்றாமலே செலவை மாற்ற முடியுமா, ஓராண்டு பாருங்கள், முடியாவிட்டால் போவோம்" என்றார். அன்றே ஒரு குறிப்பேடு தொடங்கினோம். பெட்ரோல் நிரப்புந்தோறும் ஓடிய மைலையும் நிரம்பிய காலனையும் அதிற் குறித்து வரலானோம்.

முதலில் நமக்கு ஊக்கமளித்தது ஒரு கணக்கு. காலனுக்கு 16 மைல் ஓடும் வண்டி 20 மைல் ஓடுமாயின் பயன் என்னை? நான்கு மைல்தானே என்று பலரும் எண்ணுவர். ஒரு சிறிய கார் காலனுக்கு 30 மைலிலிருந்து 34 மைலாக உயரினும் அதே நான்கு மைலே. ஆயினும் 21,600 மைல் தூரத்திற்குச் சிறிய காரில் மிஞ்சுவது 85 காலன்; நமது வண்டியில் மிஞ்சுவது 270 காலன். மூன்று மடங்கினும் மிகுதி! காலனுக்கு இத்தனை மைல் என்று கணக்கிடும் வழக்கமே இவ்வுண்மையை மறைத்து நிற்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் என்னும் இரு பேராசிரியர்கள் 2008-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' பத்திரிகையில் இம்மயக்கத்தை எடுத்துக்காட்டினர். 2013-ஆம் ஆண்டு வண்டிகள் முதலாக, அமெரிக்காவில் விற்கப்படும் புதிய வண்டியின் கண்ணாடியில் ஒட்டும் சீட்டில், 100 மைலுக்கு எத்தனை காலன் என்பதும் அச்சிடப்படுகிறது. அக்கணக்கின்படி 16 மைல் என்பது 6¼ காலன்; 20 மைல் என்பது 5 காலன். ஆகவே, பெருந்தீனி தின்னும் வண்டியிலேதான் சிறு சிக்கனமும் பெரும்பயன் தரும் என்பது தெளிவாயிற்று.

இத்தீனி எங்கே போகிறது என்பதே அடுத்த ஆராய்ச்சி. புறநானூற்றில், பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையை உணர்த்துங்கால் யானையை உவமை காட்டியது நண்பர்கள் அறிந்ததே. அறுத்த நெல்லைக் கவளமாக்கிக் கொடுப்பின் சிறு நிலத்து விளைவும் பல நாளைக்குப் போதும். யானையே வயலிற் புகின், உண்பதைக் காட்டிலும் மிதித்தழிப்பதே மிகும் என்பது அதன் கருத்து. மோட்டார் வண்டியிலும் அஃதே நிகழ்கிறது. பெட்ரோலிலுள்ள ஆற்றலிற் பெரும்பகுதி இஞ்சினிலேயே வெப்பமாய்க் கழிகிறது. சக்கரங்களைச் சென்றடைவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆகும். அவ்வெப்பத்தைத் தடுத்தல் ஓட்டுபவனால் ஆவதன்று. சக்கரத்திற்கு வந்த ஆற்றலைக் காற்றிலும் பிரேக்கிலும் சிந்தாமற் காப்பதே அவன் கையில், அன்று, அவன் காலில் உள்ளது.

காற்றை முதலிற் கூறுவோம். வேகம் மிகுந்தோறும் காற்றின் தடை அவ்வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகுகிறது. மணிக்கு 60 மைலில் உள்ள தடையை ஒன்று எனக் கொண்டால், 75 மைலில் அது 1.56 ஆகும். பிக்கப் வண்டியின் முகப்போ சுவரைப் போல நிமிர்ந்து நிற்பது. 1973-ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபொழுது, அமெரிக்க அரசாங்கம் 1974-ஆம் ஆண்டிலே நாடெங்கும் 55 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை விலக்கியதற்கு இப்பௌதிக விதியே அடிப்படை. அச்சட்டம் 1995-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. நாம் செல்லும் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில், நகர்ப்புறத்திற்கு அப்பால் 75 மைல் வரை செல்லலாம். நாமும் அவ்வேகத்திலேயே சென்று வந்தோம். குறிப்பேடு தொடங்கிய பின், மெதுவாகச் செல்வோர்க்குரிய வலப்புறத் தடத்தில் 60 மைல் வேகத்தில் செல்லத் தொடங்கினோம். இவ்வொன்றினாலேயே காலனுக்கு 16 மைல் என்பது பதினெட்டரையாக உயர்ந்தது. கான்சாஸ் நிலம் மேற்கே செல்லச் செல்லச் சிறிது சிறிதாக உயர்வது. காற்றும் ஓயாது வீசுவது. ஆதலின் ஒரு வழிப் பயணத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், போக்கும் வரவும் சேர்த்தே கணக்கிட்டோம்.

அடுத்தது கால். விரைந்து கிளம்புவதும் திடீரென நிறுத்துவதும், பெட்ரோலைக் கொடுத்து வேகத்தை வாங்கி, அவ்வேகத்தைப் பிரேக்கில் வெப்பமாக்கி எறிவதேயாம். இத்தகைய முரட்டு ஓட்டத்தினால் நெடுஞ்சாலையில் நூற்றுக்கு 15 முதல் 30 வரையும், நின்று நின்று செல்லும் தெருக்களில் 10 முதல் 40 வரையும் மைல் குறையக்கூடும் என்று அந்நாட்டு அரசாங்கத்தின் வெளியீடு கூறுகிறது. தொலைவிற் சிவப்பு விளக்கைக் கண்டதும் காலை எடுத்துவிட்டால், இக்கால இஞ்சின்கள் பெட்ரோலைத் தாமே அடைத்துக்கொள்ளும். வண்டி தன் உந்தலாலேயே உருண்டு செல்லும். நிறுத்திய வண்டியின் இஞ்சினை ஓடவிடுதலும் வீண். அது மணிக்குக் கால் காலன் முதல் அரைக் காலன் வரை குடிக்கும்.

இனிச் சிறியன சில. டயரில் அடைக்க வேண்டிய காற்றின் அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உளது. டயரின் பக்கத்திற் பொறித்திருப்பது அது தாங்கும் பேரளவேயாம். குளிர் மிகுந்தால் அக்காற்று தானே சுருங்குமாதலின், மாதந்தோறும் அளந்து பார்த்தல் வேண்டும். பின்கதவைத் திறந்து வைத்தால் காற்று தடையின்றிப் போகும் என்று பலர் நம்புகின்றனர். உண்மை அதற்கு மாறானது. மூடிய கதவுக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிட, மேற்செல்லும் காற்று அதன்மீது வழுக்கிச் செல்கிறது. ஆகவே கதவை மூடியே வைத்தோம். தட்டிற் கிடந்த பழஞ் சங்கிலிகளையும் மணல் மூட்டைகளையும் பனிக்காலம் கழிந்ததும் இறக்கினோம். பனியில்லாத நாட்களில் நான்கு சக்கரங்களையும் உந்தும் பொறியை விலக்கிவைத்தோம். கடுங்குளிரில் எவ்வளவு முயன்றும் மைல் குறையவே செய்யும். வெப்பநிலை பாரன்ஹீட் 77 பாகையிலிருந்து 20 பாகைக்கு இறங்கும்பொழுது, நகர ஓட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து குறையும் என்பர். ஆதலின் சிற்றூர்க் கடைக்குச் செல்லும் சிறு பயணங்களை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டோம்.

பெட்ரோலிலே கலக்கும் மருந்து, குழாயிற் கட்டும் காந்தம் என்று பலவற்றைக் கடைகளில் விற்கின்றனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிலையத்தார் இத்தகைய சாதனங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்தும், குறிப்பிடத்தக்க பயனுடையது ஒன்றையும் கண்டிலர். அவற்றிற்கு நாம் ஒரு காசும் கொடுக்கவில்லை. வண்டி செய்வோர் மேற்கொண்ட வழிகள் வேறு. 2015-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 வண்டியின் உடலை அலுமினியத்தால் அமைத்து 700 இராத்தல் வரை எடை குறைத்தனர். பாரமில்லாதபொழுது சில உருளைகளை உறங்கச் செய்யும் இஞ்சின்களும் வந்துள்ளன. புதிய வண்டி வாங்குவோர் அவற்றை நாடலாம். நமக்கோ இருந்த வண்டியே வாய்த்தது.

ஓராண்டு நிறைந்தது. குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தபொழுது சராசரி 20 மைலாக நின்றது. 1,350 காலன் செலவாக வேண்டிய இடத்தில் 1,080 காலனே செலவாயிற்று. விலையும் தணிந்து, காலனுக்கு ஏறக்குறைய 3½ டாலரே கொடுத்தோம். நாம் ஊர் பெயராமல் தங்கியதற்கு அவ்விலைத் தணிவும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் நமது முயற்சியால் மட்டும் மிஞ்சியது 945 டாலர். மிஞ்சிய 270 காலனும் எரிந்திருந்தால் எழும் கரியமில வாயுவோ ஏறக்குறைய 5,000 இராத்தல். அதாவது, நமது வண்டியின் எடையளவு.

இச்சிக்கனம் இலவசமாகக் கிடைத்ததென்று எண்ணற்க. 45 மைலை 75 மைல் வேகத்தில் 36 நிமிடத்திற் கடக்கலாம். 60 மைல் வேகத்தில் 45 நிமிடம் ஆகும். போக்கும் வரவும் சேர்ந்து நாளொன்றுக்கு 18 நிமிடம், ஆண்டுக்கு 72 மணி நேரம் நாம் கொடுத்த விலை. மூன்று முழு நாட்கள்! மாலையில் வீடு சேர்ந்ததும், பணிக்குப் புறப்படும் துணைவியாரோடு இருக்கக் கிடைத்த சிறு பொழுதிலும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இதனை நாம் அவரிடம் கூறியபொழுது, "மிஞ்சிய பணத்தை அந்நேரத்தால் வகுத்துப் பாருங்கள்" என்றார். வகுத்தோம். மணிக்கு 13 டாலர் வந்தது. "வரி பிடிக்காத கூலி" என்று கூறிவிட்டு, அவர் சாவியை எடுத்துக்கொண்டு இரவுப் பணிக்குச் சென்றார். மறு மாதம் மகளைக் கல்லூரியிற் சேர்த்தோம்; நிலத்தை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

மாணவ நண்பர்கள் நாளை தத்தம் இல்லங்களையும் அலுவலகங்களையும் நடத்தப் போகின்றவர்கள். சிக்கனம் என்றவுடன் சின்னஞ் சிறு செலவுகளை நெருக்கிப் பிடித்து மனத்தை வருத்திக்கொள்ளுதல் உலக இயல்பு. முதலில், மிகுதியாகத் தின்பது யாது என்று எழுதிப் பாருங்கள். அதனை விலக்க இயலுமாயின் விலக்குங்கள். இயலாதாயின் அது மிதித்தழிப்பது எவ்வளவு என்று அளந்து, அவ்வளவையேனும் தடுங்கள். அதற்குக் கொடுக்கும் விலையையும் அதே ஏட்டில் எழுதி வையுங்கள். நம் குறிப்பேட்டில் இப்பொழுது மூன்றாவது புத்தகம் நடக்கிறது; சென்ற பனிக்காலத்துச் சராசரி பதினெட்டேகால்.