ஆசிரியர் இல்லாத நிருபர்கள்

திருத்தணியில் எம்மிடம் தமிழ் பயின்று, பின்னர் நாளேடுகளுக்குப் பகுதி நேர நிருபர்களான மாணவர் சிலர் உண்டு. இன்று ஒருவர் விதைக்கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார். ஊதியம் போதாமையே காரணம் என்கிறோம். அது பாதி உண்மை. ஆடிக் கிருத்திகைச் சிறப்புப் பக்கத்துக்கு எவரிடம் விளம்பரம் கேட்டு நின்றார்களோ, அவரைப் பற்றியே மறுவாரம் செய்தி எழுத வேண்டியிருந்தது மறுபாதி. எழுதியனுப்பிய செய்தி ஏன் வெளிவரவில்லை என்று சொல்லவும் ஆளில்லை.

1943இல் டி.எஸ்.சொக்கலிங்கம் தினமணி ஆசிரியர் பொறுப்பை விட்டு விலகியபோது, உதவி ஆசிரியராயிருந்த புதுமைப்பித்தனும் உடன் வெளியேறினார். சொக்கலிங்கம் 1944இல் தொடங்கிய தினசரியில் சேர்ந்தார். வேலையைத் துறந்தாரேயன்றி அப்போது தொழிலைத் துறக்கவில்லை. நம்பிப் பின்செல்ல ஓர் ஆசிரியர் இருந்தார். தினசரியையும் விட்ட பிறகே திரைப்படத்துக்குப் போனார், 1948இல் மறைந்தார்.

எம் மாணவர்கள் திரும்ப வேண்டுமெனில் மாதச் சம்பளம் வேண்டும். விளம்பரம் திரட்டும் சுமை அவர்கள் தோளிலிருந்து இறங்க வேண்டும். இவை பணத்தால் ஆகக்கூடியவை. செய்தியை வரிவரியாகப் படித்து, "இதை யார் சொன்னார்?" என்று கேட்டு, அச்சேறியபின் மிரட்டல் வந்தால் உடன் நிற்கும் ஓர் ஆசிரியரைப் பணம் மட்டும் கொண்டு வந்துவிடுமா?