யானைக் காசு

பழங்காசு என்று திண்டுக்கல்லில் யார் நீட்டினாலும் நான் முதலில் தேடுவது யானையைத்தான். 1755-ல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். பிறகு மகன் திப்பு. திப்புவின் செப்புக் காசில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்தில் காசு அடித்த ஊர். 1787 முதல் வந்தவற்றில் ஆண்டு எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'காலிகாபாத்' என்று பொறித்த காசு திண்டுக்கல் அக்கசாலையுடையது என்பார் சிலர், மறுப்பவர்களும் உண்டு. நம்ம ஊர்க் காசாக இருக்கட்டும் என்றுதான் என் மனசு கிடந்து தவிக்கிறது.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்போடு எழுத்தும் மழுங்கும், விலையும் விழும். தேய்த்துப் பளபளக்கும் செம்பைச் சேகரிப்பவர்கள் தொடவே யோசிப்பார்கள்.

ராமர், சீதை பொறித்த '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பழைய காசு விற்க கமிஷன், வரி என்று தன் பெயரில் பணம் கேட்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்துவிட்டது.

அப்பத்தா பெட்டியில் யானை இருந்தால், கழுவாமல் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். நகைக்கடைத் தராசில் எடையும் பார்த்துச் சொல்லுங்கள்.