குனியக் கூடாது

36 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது என் முதுகெலும்பின் வளைவு 58 டிகிரி. 13 வயதிலேயே தெரிந்ததுதான். "வெளியே தெரிஞ்சா யாரு கட்டிக்குவாங்க?" என்று துப்பட்டாவை அகலமாக விரித்து மறைத்தார் அம்மா.

டைட்டானியம் கம்பிகளும் திருகுகளும் பொருத்திய பின் மருத்துவர் சொன்னார்: 3 மாதம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, உடம்பைத் திருப்பக் கூடாது. படுக்கையிலிருந்துகூட மரக்கட்டை போல மொத்தமாகப் புரண்டுதான் எழ வேண்டும்.

பெருக்குவது, கோலம் போடுவது, துணி அலசுவது: வீட்டில் பெண்ணுக்கென்று ஒதுக்கிய வேலைகள் எல்லாமே குனிந்து செய்பவை என்று அப்போதுதான் உறைத்தது. துடைப்பம் எடுத்த கணவருக்குக் கிடைத்த அனுதாபம், படுத்திருந்த எனக்குக் கிடைக்கவில்லை.

3 மாதம் முடிந்ததும், "இனி நீயே பெருக்கலாமே" என்றார் மாமியார். எலும்பு முழுதாக ஒட்ட ஒரு வருடம்கூட ஆகலாம். ஒட்டிய பகுதி இனி வளையாது. துடைப்பம் கணவரிடம்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.