வளையலும் சர்க்காரும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா என் முன்னால் வந்து உட்கார்ந்து, கையிலிருந்த இரண்டு ஜோடி வளையலையும் ஆட்டிக் காண்பித்தாள். "பத்திரிகையில் எழுதுகிறவளாயிற்றே, நீயே சொல்லு. இதைக் கொடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். அக்காவின் பெண் சினிமாப் படிப்புப் படித்தவள். சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டுமாம். கதாநாயகன் கிடையாது, சண்டை கிடையாது. ஒரு கிழவியும் ஒரு பசு மாடுந்தான் கதை! இதற்கு எந்த முதலாளி பணம் போடுவார்? ஆகவே அம்மாவின் வளையல் மேல் அவளுக்குக் கண் விழுந்திருக்கிறது.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "அசடே, பீரோவில் வைத்துப் பூட்டு" என்றுதானே? எனக்கும் அதுதான் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள், கல்கத்தாவில் என்றோ அடகுக்குப் போன இன்னொரு பெண்மணியின் நகை ஞாபகத்துக்கு வந்து என் வாயை அடைத்துவிட்டது.

அந்தப் பெண்மணி, சத்யஜித் ரேயின் மனைவி பிஜோயா. ரே ஒரு விளம்பரக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1952-ல் 'பதேர் பாஞ்சாலி'யைப் படம் பிடிக்கத் தொடங்கினார். இன்ஷூரன்ஸ் பாலிஸியின் பேரில் கடன் வாங்கினார். ஆசையாய்ச் சேர்த்த இசைத் தட்டுகளை விற்றார். கடைசியில் மனைவியின் நகைகளும் அடகுக் கடைக்குப் போயின. அப்படியும் படப்பிடிப்பு மாதக் கணக்கில் நின்றுவிட்டது. அவருடைய கவலையை யோசித்துப் பாருங்கள்! நடிக்கிற சிறுவனும் சிறுமியும் அதற்குள் வளர்ந்துவிடக் கூடாது. கிழவியாக நடித்த சுனிபாலா தேவிக்கோ வயது எண்பதை ஒட்டி. அந்த அம்மாள் கண்ணை மூடிவிடக் கூடாது!

இந்தச் சமயத்தில் ரேயின் தாயார்தான் ஒரு சிநேகிதி மூலமாக முதல் மந்திரி டாக்டர் பி. சி. ராயின் காதில் விஷயத்தைப் போட்டார். மேற்கு வங்க சர்க்கார் பணம் கொடுத்தது. படத்தின் பெயரில் பாதை இருந்ததால், அது சாலை இலாகாவின் கணக்கில் எழுதப்பட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

குடும்பம் ஊரை விட்டுப் போவதாகக் கதை முடிகிறதே, கிராமம் முன்னேறுவதாக முடித்தால் என்ன என்று சர்க்கார் தரப்பில் ஒரு யோசனையும் வந்தது. ரே இசையவில்லை. நல்ல வேளை, அவர்களும் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1955-ல் படம் வெளிவந்தது. 1956-ல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. போட்ட பணம் லாபத்தோடு திரும்பியது.

நம் தமிழ்நாட்டிலும் குறைந்த செலவில் எடுக்கும் நல்ல படங்களுக்கு மானியம் உண்டு. ஒரு படத்துக்கு 7 லட்சம் ரூபாய் என்று வழங்கியிருக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் படத்தை எடுத்து முடித்துத் தேர்வுக் குழுவுக்குக் காட்டிய பிறகுதான் அது கிடைக்கும். உலை வைக்க அரிசி இல்லாதவளிடம், "சமைத்துக் காட்டு, ருசியாயிருந்தால் அரிசி தருகிறேன்" என்பது போல இல்லையா? கேரளத்தில் 2019-ல் பெண் இயக்குநர்களுக்கென்றே ஒரு திட்டம் போட்டார்கள். கதையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை அரசுத் திரைப்படக் கழகமே செலவிட்டது. 'நிஷித்தோ', 'டிவோர்ஸ்' என்ற படங்கள் அப்படி வந்தவை. அங்கே அரிசி முதலில் வந்தது!

அக்காவிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன்: "ஒரு ஜோடியைக் கொடு. மற்றது உன் கையிலேயே இருக்கட்டும். மீதிப் பணத்துக்கு அவள் நாலு கதவைத் தட்டட்டும், சர்க்கார் கதவையும் சேர்த்து. ஆனால் கதையின் முடிவை மாற்று என்று யாராவது சொன்னால், பேசாமல் எழுந்து வந்துவிடச் சொல்லு."

அக்கா பதில் பேசவில்லை. வளையலையும் கழற்றவில்லை. ராத்திரி சாப்பாடெல்லாம் ஆனபிறகு, பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள்:

"ஏண்டி, அந்தக் கிழவி வேஷத்துக்கு யாரைப் போடப் போகிறாய்?"