ஒரே கடைக்குக் கொடுப்பதா?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நின்ற ஒருநாட் காலையிலேதான் அக்கடிதம் எமது கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியது கடல் கடந்த நாடொன்றிலுள்ள படமுகவர் நிறுவனம். எமது நிழற்படங்களை அதன் வழியாகவும் வேறு நான்கு நிறுவனங்களின் வழியாகவும் சில ஆண்டுகளாக விற்று வருகின்றோம். "இனி எமக்கு மட்டுமே தாருங்கள், உங்கள் பங்கை இரட்டிக்கின்றோம்" என்பது கடிதத்தின் சாரம். மறுமொழிக்கு முப்பது நாள் தவணை.

இவ்வியாபாரத்தை அறியாத வாசகர்க்கு ஓரிரு சொற் கூறுதல் வேண்டும். இங்கே விற்கப்படுவது படமன்று. அதனைப் பயன்படுத்தும் அனுமதியே. படம் எடுத்தவனிடமே உரிமை இருக்கும். அதே அனுமதியை ஆயிரம் பேருக்கும் கொடுக்கலாம். விளம்பரஞ் செய்வோரும் பத்திரிகை நடத்துவோரும் முகவரின் களஞ்சியத்திலே தேடித் தமக்கு வேண்டியதை எடுப்பர். 2000ஆம் ஆண்டிற் கனடாவின் கல்கரி நகரில் தோன்றிய ஐஸ்டாக்போட்டோ இவ்வணிகத்தை மலிவாக்கிற்று. 2006இல் கெற்றி இமேஜஸ் அதனை 5 கோடி டொலருக்கு வாங்கியது. பல கடைகளிலும் விற்பவருக்கு நிழற்படத்தில் நூற்றுக்கு 15 பங்கு, அங்கே மட்டும் விற்பவருக்கு 25 முதல் 45 வரை என்பது அங்கே பல ஆண்டுகள் நிலவிய ஒழுங்கு. எமக்கு எழுதியது வேறு நிறுவனம். ஏற்பாடு மட்டும் அதே சாயல்.

எமது படங்களில் எவை விலைபோகின்றன என்று கேட்டால் வாசகர் நகைப்பர். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவில் நாம் வெயிலில் நின்று எடுத்த தேர்ப்படங்கள் உறங்குகின்றன. முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் இணக்கம் பெற்றாலன்றி அவற்றை விளம்பரத்துக்குக் கொடுக்க இயலாது. அம்மனைத் தொழுது கண்ணீர் மல்க நிற்பவரிடம் தாளையும் பேனாவையும் நீட்டுவது எங்ஙனம்? கூடையிற் கிடக்கும் நண்டு, நெடுந்தீவின் முருகைக்கல் மதில், வறட்சியில் வெடித்த தரவை, அதில் மேயும் குதிரை ஆகியவையே எமக்குச் சோறு போடுகின்றன. சோறு என்பதும் மிகை. தேநீர் என்க.

அன்றிரவு கணக்குப் பார்த்தோம். கடிதம் எழுதிய நிறுவனத்தால் மாதம் சராசரி 12 டொலர் வந்தது. மற்றை நான்கும் சேர்ந்து 17. பங்கு இரட்டித்தால் 12 என்பது 24 ஆகும்; ஆனால் 17 போய்விடும். ஆக 29 இருந்த இடத்தில் 24. நட்டம் 5 டொலர். இவ்வளவு எளிய கணக்குக்கு முப்பது நாள் எதற்கு என்று எண்ணி உறங்கப்போன எம்மை மகன் மறித்தான். "அப்பா, அஞ்சு இடத்தில ஏத்திற நேரத்தையும் கணக்கில போடுங்கோ" என்றான். உண்மைதான். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், விளக்கம், தேடுவதற்குரிய முப்பது நாற்பது சொற்கள் என்பவற்றை ஐந்து முறை நிரப்புகின்றோம். அந்நேரத்திற் புதிய படம் எடுத்தால் 24 என்பது 40 ஆகாதா? இக்கேள்விக்குக் கணக்கில் விடையில்லை.

வேலணையில் நண்டு பிடிக்கும் நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர் வலை வாங்க முற்பணம் தந்த வியாபாரிக்கே நண்டு முழுவதையும் கொடுப்பவர். "வாத்தியார், விலை அவன் சொல்லுறதுதான். மற்றவன் கூடத் தாறன் எண்டாலும் குடுக்கேலாது. ஆனா காத்தெண்டாலும் மழையெண்டாலும் அவன் வந்து எடுப்பான். அது ஒரு நிம்மதி" என்றார். அந்த நிம்மதியைப் பழிக்க எமக்கு மனம் வரவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் நாம், கடலை மட்டும் நம்பியவனுக்கு வியாபாரம் கற்பிக்க முடியுமா?

யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிய சிக்கலுமன்று. எம் முன்னோரின் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்ற நாளில் அந்நாட்டு அரசே அதனை ஏகபோகமாக வைத்திருந்தது. மாதவராவ் திவானாயிருந்த 1860களிலேதான் அவ்வேகபோகம் நீங்கிற்று. பின்னர் 1930களில் எமது கமக்காரர் மலையாளப் புகையிலை விற்பனைக்கெனத் தாமே கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அதுவும் ஒரே கடைதான். ஆயினும் கடை விற்பவருடையது. நிழற்பட உலகிலும் அத்தகையதொன்று உண்டு. கார்த்தியே பிரெசோன், ராபர்ட் காப்பா முதலியோர் 1947இல் தொடங்கிய மாக்னம், படமெடுப்போர் தாமே உரிமையாளராக இருக்கும் நிறுவனம். எமக்கு வந்த கடிதத்திலோ கடையும் அவர்களுடையது, விலையும் அவர்களுடையது, விதியை மாற்றும் அதிகாரமும் அவர்களுடையது.

விதி மாறும் என்பது வீண் அச்சமன்று. 2020 ஜூன் மாதத்தில் ஷட்டர்ஸ்டாக் தன் பங்கு முறையை மாற்றி, 15 முதல் 40 வீதம் வரை படிகள் வகுத்தது. ஆண்டு முழுதும் ஏறியவர் எவராயினும் ஜனவரி முதலாந் திகதி அடிப்படியிலிருந்தே மீண்டும் ஏறவேண்டும் என்றும் விதித்தது. ஒரே இடத்தை நம்பியவருக்கு அத்தகைய நாளில் ஒதுங்க வேறு திண்ணை இல்லை. ஆனால் 2025 ஜனவரியில் கெற்றியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப்போவதாக அறிவித்தன. பல திண்ணைகள் என்று நாம் எண்ணியிருப்பனவும் ஒரு வீட்டுத் திண்ணைகளே ஆகிவிடக்கூடும். ஆகவே இந்த வாதத்தையும் நாம் முற்றாக நம்பவில்லை.

இருபதாம் நாள்வரை இவ்வாறே ஊசலாடினோம். அப்பொழுதுதான் கனடாவில் வாழும் நெடுந்தீவு அன்பர் ஒருவரிடமிருந்து மடல் வந்தது. குமுதினிப் படகை நாம் முன்னொருகால் எடுத்த படத்தை இணையத்திற் கண்டிருக்கிறார். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அப்படகிற் பயணஞ் செய்தோர் பலர் நடுக்கடலிற் கொலையுண்டனர். அவருடைய பெரியம்மாவும் அதிற் சென்றவர். நினைவு மலரில் அச்சிடப் படத்தைப் பெரிய அளவில் தரமுடியுமா, விலை என்ன என்று கேட்டிருந்தார்.

விற்பனைப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். அப்படம் ஒருமுறை 33 சதத்துக்கு விலைபோயிருந்தது. எவர் வாங்கினர், எதற்கு வாங்கினர் என்பது எமக்குத் தெரியாது. தேடுசொற்களாக 'பழைய படகு, மரம், கடல், ஆசியா, விடுமுறை' என்று இருந்தன. விடுமுறை என்ற சொல்லைச் சேர்த்தவர் வேறெவருமல்லர், நாமே.

கடிதத்துடன் வந்த ஒப்பந்தத்தை மீண்டும் படித்தோம். முதல் வாசிப்பில் நாம் கடந்துபோன வரி ஒன்று அப்போதுதான் கண்ணிற் பட்டது. தனியுரிமை சில படங்களுக்கன்று, எடுத்தவருக்கே. நாம் எடுத்த, இனி எடுக்கவிருக்கும் எப்படத்தையும் அச்சிடும் அனுமதியைப் பணத்துக்கோ இலவசமாகவோ வேறெவருக்கும் கொடுத்தலாகாது. அந்த அன்பர் தம் பெரியம்மா சென்ற படகின் படத்தை அந்நிறுவனத்திடமே விலைக்கு வாங்கவேண்டும்.

குதிரைப் படங்களையும் கடற்காட்சிகளையும் மட்டும் உங்களுக்கே தருகின்றோம், ஊரவர் கேட்பனவற்றை விட்டுவிடுங்கள் என்று எழுதிப் பார்த்தோம். முழுவதும் அல்லது ஒன்றுமில்லை என்று மரியாதையாகவே பதில் வந்தது. ஒன்றுமில்லை என்பதைத் தெரிந்துகொண்டோம். இத்தொழிலையே சீவனோபாயமாகக் கொண்ட மாணவன் எவனேனும் எம்மிடம் யோசனை கேட்டால் இதே விடையைச் சொல்வோமா என்பது ஐயமே. படவாரியாகத் தனியுரிமை கேட்கும் நிறுவனத்தைத் தேடு, கையொப்பமிடுமுன் விலகும் விதியைப் படி என்று மட்டுஞ் சொல்வோம்.

குமுதினியின் படத்தை ஐந்து களஞ்சியங்களிலிருந்தும் நீக்கினோம். அதற்கு ஒரு பின்னேரம் பிடித்தது. கனடா அன்பருக்கு முழு அளவிற் படத்தை அனுப்பி, விலையாக மலரின் பிரதியொன்று கேட்டோம். சென்ற மாதம் தபாலில் வந்தது. படம் சற்று இருண்டு அச்சாகியிருக்கின்றது. அதன் கீழே 'குமுதினி' என்னும் ஒரு சொல் மட்டும் இருந்தது.