சித்தி இருக்கும் மலை

மலைபடுகடாம் 583 அடிகள். நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறான்: எங்கே வழுக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள் என்று. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓடும் சேயாறும் அதில் வருகிறது. போய் வந்தவன்தான் வழி சொல்ல முடியும் என்பது ஆற்றுப்படை என்ற வடிவத்தின் ஆதாரம். எங்கள் குடும்பத்தில் ஜவ்வாது மலைக்குப் போய் வந்தவர் யாரும் இல்லை. போனவள் ஒருத்திதான். அவளை வரவிடவில்லை.

சித்தி 1979இல் நர்ஸ் வேலைக்கு ஜமுனாமரத்தூர் போனாள். மறு வருஷம் அங்கேயே மலையாளி ஒருவரை மணந்துகொண்டாள். மலையாளி என்றால் கேரளத்தவர் அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகத் தங்கள் கதையைச் சொல்லும், தமிழ் பேசும் பழங்குடிகள். தாத்தா ரேஷன் கார்டிலிருந்து சித்தியின் பெயரை எடுத்தார். பிறகு கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து. ஒருவரை இல்லாமலாக்க எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. மொட்டைமாடியில் என்னைப் பக்கத்தில் படுக்கவைத்து நட்சத்திரக் கூட்டங்களுக்குத் தானாகவே பெயர் வைத்தவள் அவள். ஓட்டைச் சல்லடை, கோணல் உலக்கை. சரியான பெயர்களை நான் பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தேன். அவை ஒட்டவில்லை.

1986 ஜனவரியில் அதே மலைத்தொடரில், காவலூரில், 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்தார்கள். அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982லேயே இறந்துவிட்டார். ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பேப்பரில் வந்த படத்தை வெட்டிப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். வானத்தின்மேல் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை. மலையின் பெயரை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல அது ஒரு சந்தர்ப்பம், அவ்வளவுதான்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். பெயர்ப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். சித்திக்கு ஒரு மகன் இருப்பது காதில் விழுந்திருந்தது. பெயர் தெரியாது. எதைத் தேடுவது?

சென்ற வருஷம் தாத்தாவின் வீட்டை விற்கப் பேச்சு வந்தது. வாங்குகிறவரின் வக்கீல் வாரிசுச் சான்றிதழ் கேட்டார். தாலுகா ஆபீஸ் கொடுத்த தாளில், என் அம்மாவுக்கு அடுத்த வரியில் சித்தியின் பெயர் இருந்தது. குடும்பம் நாற்பத்தைந்து வருஷமாக எழுத மறுத்த பெயரை யாரோ ஒரு கிளார்க் வரிசை எண்ணோடு எழுதிவிட்டார். அவள் கையெழுத்தை வாங்கிவரும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போளூரிலிருந்து பஸ். ஜமுனாமரத்தூர் இப்போது தனி வட்டம். ஏரியில் படகு விடுகிறார்கள். கடைகளில் சாமையும் தேனும் விற்கிறார்கள். வீட்டைக் கண்டுபிடிக்க நர்ஸம்மா என்று கேட்டாலே போதுமாயிருந்தது.

"வாங்க, உக்காருங்க" என்றாள். யாரென்று சொன்ன பிறகும் அந்த 'ங்க' போகவில்லை. அன்னியனுக்குக் கொடுக்கும் மரியாதை. சாமைச்சோறு போட்டாள். பேத்தி, ஆறு வயது இருக்கும், "யாரு பாட்டி?" என்றது. நம் பாஷையில் இந்தக் கேள்வியிலிருந்து நழுவ முடியாது. பெரியப்பா என்றால் அவள் மகன் எனக்குத் தம்பி என்றாகிறது. தாத்தா கடைசிவரை அனுமதிக்காதது அந்த ஒரு சொல்லைத்தான். நானே சொல்லியிருக்கலாம். சொல்லும் உரிமை அவளுடையது என்று பட்டது. "ஊர்லேர்ந்து வந்திருக்காங்க" என்று முடித்துவிட்டாள்.

சாப்பிட்ட பிறகு தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"அக்கா பேருக்குக் கீழ போட்டிருக்கு" என்றாள்.

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"இன்னும் ரெண்டு தடவ வா. அப்புறம் போடறேன்."

வா, என்றாள்.

வக்கீலுக்கு எரிச்சல். பங்கு கேட்பதற்கான முஸ்தீபு இது என்று மாமாக்களுக்குச் சந்தேகம். கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அவள் விலையாகக் கேட்டது இரண்டு பஸ் பிரயாணங்களை. தாள் மட்டும் போய் வரக் கூடாது, மனிதர்களும் போய் வர வேண்டும் என்கிறாள். இதைவிடக் கறாரான பேரத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை போனபோது தம்பி பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தான். அவன் பெயர் இப்போது எனக்குத் தெரியும். குழந்தை என்னை எப்படியும் கூப்பிடவில்லை. பையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தது. பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. மூன்றாம் தடவைக்குத் தானும் வருவதாக அம்மா சொல்கிறாள். மலை ஏறினால் தலை சுற்றும் என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தவள்.